ஸ்வீப் எதுவானாலும் விடை ஒன்றே என்னும் வாதம்: ஒரு மறுப்பு

ஆன்டெனா வடிவமைப்பாளர்களிடையே ஏறக்குறைய விதியாகவே மாறிவிட்ட கருத்து ஒன்று உண்டு: மின்காந்தச் சிமுலேஷன் மென்பொருளில் அதிர்வெண் ஸ்வீப்பை எம்முறையில் நடத்தினாலும் கிடைக்கும் விடை ஒன்றே, முறைகள் வேறுபடுவது கணினி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மட்டுமே, ஆகவே உள்ளவற்றில் வேகமானதைத் தேர்ந்து, புள்ளிகளின் எண்ணிக்கையை 1001 என்று நிரப்பிவிட்டு, திரையில் வழவழப்பான வளைகோடு வந்ததும் அறிக்கை எழுதத் தொடங்கிவிடலாம். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் ஒட்டிக்கொள்ளும் இப்பழக்கம் பணியிடத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது. இக்கருத்து தவறானது, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுகத் தொழிற்பகுதியைப் போல இரும்பும் உப்புநீரும் சூழ்ந்த இடத்தில் அதன் தவறு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்துவிடுகிறது.

ஸ்வீப் என்பது, ஓர் ஆன்டெனாவின் நடத்தையை ஒரே அதிர்வெண்ணில் பார்த்து நிறுத்திவிடாமல், ஒரு தொடக்க அதிர்வெண்ணிலிருந்து ஒரு முடிவு அதிர்வெண் வரை கணக்கிட்டுச் செல்வது. இதில் பழையது தனிப்புள்ளி ஸ்வீப். கேட்கப்படும் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளை அது புதிதாகத் தீர்க்கிறது. 1981இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கையேடு வெளியிட்ட என்இசி என்னும் ஆன்டெனாக் கணிப்பு நிரலில் அதிர்வெண்ணைக் குறிக்கும் எஃப்ஆர் அட்டை, எத்தனை புள்ளி, எங்கிருந்து, எவ்வளவு இடைவெளி என்று கேட்கும். இடைச்செருகல் ஸ்வீப் என்பது சில அதிர்வெண்களில் மட்டும் தீர்வு கண்டு, அவற்றின் வழியே செல்லும் ஒரு விகிதமுறு சார்பை, அதாவது ஒரு பல்லுறுப்புக்கோவையை மற்றொன்றால் வகுத்துக் கிடைக்கும் சார்பை, பொருத்தி, இடையிலுள்ள மதிப்புகளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது. விரைவு ஸ்வீப்போ ஒரு மைய அதிர்வெண்ணில் தீர்த்த தீர்விலிருந்து முழு அமைப்பையும் ஒரு சிறு கணித மாதிரியாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தைக் கொண்டே மற்ற அதிர்வெண்களைக் கணிக்கிறது.

மேற்சொன்ன கருத்துக்கு வலுவான அடிப்படை உண்டென்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆன்டெனாவுக்குள் அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எஸ்-அளவுரு, அதிர்வெண்ணோடு தாறுமாறாக மாறுவதில்லை. ஒவ்வோர் ஒத்ததிர்வும் அந்த விகிதமுறு சார்பில் ஒரு துருவமாக, அதாவது வகுக்கும் கோவை பூச்சியமாகும் இடமாக, அமைகிறது. அத்தகைய துருவங்கள் ஒரு பட்டையில் சிலவே இருக்குமானால், சில மாதிரிகளைக் கொண்டே சார்பு முழுவதையும் மீட்டுவிட முடியும். இவ்வகைத் தோராயத்துக்குத் தம் பெயரைத் தந்த ஆன்ரி பாடே 1892இலேயே அதை ஆராய்ந்திருந்தார். 1999இல் குஸ்டாவ்சனும் செம்லியனும் வெளியிட்ட திசையன் பொருத்தல் முறை அதை நடைமுறையில் உறுதியானதாக்கியது. சேமிப்பும் அற்பமன்று. ஒரு தீர்வுக்குப் பத்து நிமிடம் ஆகும் மாதிரியில் 1001 தனிப்புள்ளிகளுக்கு ஏறத்தாழ ஏழு நாள் தேவைப்பட, இடைச்செருகல் ஸ்வீப் இருபது தீர்வுகளோடு மூன்று மணி இருபது நிமிடத்தில் முடித்துவிடும். இவ்வளவும் உண்மை. இதிலிருந்து ‘விடை ஒன்றே’ என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை. அதற்கான மறுப்புகள் வருமாறு.

1. பிழை வரம்பு எதன் பிழையை அளக்கிறது? இடைச்செருகல் ஸ்வீப்பை நம்புவோர் சுட்டும் முதல் சான்று, பிழை 0.5 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே மென்பொருள் நிற்கிறது என்பது. ஆனால் அந்த 0.5 விழுக்காடு, பொருத்தப்பட்ட சார்புக்கும் இயற்கைக்கும் உள்ள வேறுபாடு அன்று. முந்தைய பொருத்தத்துக்கும் இப்போதைய பொருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. ஒரே ஆள் ஒரே கணக்கை இரண்டு முறை கூட்டி ஒரே தொகை வந்தது என்று சொல்வதைப் போன்றது இது. எழுதிய எண்களே தவறாக இருந்தால் இரண்டாம் முறையும் அதே தவறான தொகைதான் வரும். எழுதிய எண்கள் இங்கே மெஷ்ஷிலிருந்து, அதாவது வெளியைச் சிறு கூறுகளாக வெட்டிய வலைப்பின்னலிலிருந்து, வருகின்றன. பெரும்பாலான பணிகளில் மெஷ் ஓர் அதிர்வெண்ணில் மட்டும் செம்மைப்படுத்தப்பட்டு, ஸ்வீப் முழுவதற்கும் அப்படியே உறைந்துவிடுகிறது. அதன் குறைகளை ஸ்வீப் எவ்வளவு திறமையாக இடைச்செருகினாலும் அவை குறைகளாகவே தொடரும்.

2. குறுகிய ஒத்ததிர்வைச் சார்பு ‘தானாகவே கண்டுபிடித்துவிடும்’ என்பது எந்த அளவுக்கு உண்மை? காசிமேட்டில் நிற்கும் ஓர் இரும்பு விசைப்படகை எடுத்துக்கொள்ளலாம். வீல்ஹவுஸ் கூரையில் விஎச்எஃப் ஆன்டெனா, அதற்குச் சற்றுக் கீழே இரு முனையிலும் பற்றவைக்கப்பட்டு அருகருகே இணையாக ஓடும் இரண்டு கைப்பிடிக் கம்பிகள், அவற்றின் நீளம் 96 செ.மீ. கடலில் ஆபத்து அழைப்புக்குரிய 16ஆம் சேனல் இயங்கும் 156.8 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளமும் அதுவே. இரு கம்பிகளிலும் எதிரெதிராகப் பாயும் மின்னோட்டங்கள் ஒன்றன் கதிர்வீச்சை மற்றொன்று அழித்துவிடுவதால், அந்த இணை ஆற்றலை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இதன் அளவைக் குறிக்கும் தரக்காரணி 300 என்று கொண்டால் ஒத்ததிர்வின் அகலம் அரை மெகாஹெர்ட்ஸ்தான்.

இப்போது 100 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் நடக்கிறது. மாதிரிகள் 100, 300, 500 என்று தொடங்கி 200, 400 என்று நிரம்புகின்றன. அந்த ஒத்ததிர்வு தன் உச்சத்தில் எஸ்-அளவுருவை 0.3 அளவுக்கு மாற்றக்கூடியது என்றாலும், 43 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் 200 என்ற மாதிரியை எட்டும்போது அதன் வால் ஏறக்குறைய 0.002ஆகத் தேய்ந்துவிடுகிறது. இது 0.5 விழுக்காட்டு வரம்புக்குக் கீழே உள்ளது. ஆகவே மென்பொருள் விதிப்படியே நடந்து, விதிப்படியே அதைக் காணாமல் விடுகிறது. வால் முழுதாக மறைந்துவிடவில்லை, மிகத் துல்லியமான மாதிரிகளிலிருந்து அத்துருவத்தை மீட்கலாம் என்று கணித அறிஞர் வாதிட்டால் அது சரியே. ஆனால் அதற்குப் பிழை வரம்பை இறுக்க வேண்டும், மெஷ் அந்தத் துல்லியத்தைத் தாங்க வேண்டும், இவ்விரண்டையும் செய்வதற்கு அங்கே ஏதோ இருக்கிறது என்ற ஐயம் முதலில் எழ வேண்டும். வழவழப்பான வளைகோட்டைப் பார்த்தவருக்கு அந்த ஐயம் எழுவதில்லை.

3. ஆயிரத்தொரு புள்ளி என்பது தகவலா, அலங்காரமா? 100 முதல் 500 வரை 1001 புள்ளி என்றால் இடைவெளி 0.4 மெகாஹெர்ட்ஸ். கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் தாமே ஒலிபரப்பிக்கொள்ளும் தானியங்கி அடையாள முறையான ஏஐஎஸ், 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு சேனல்களில் இயங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி 0.05 மட்டுமே. ஸ்வீப்பின் ஒரு புள்ளி மிகச் சரியாக 162.0இல், இரண்டுக்கும் நடுவே விழுகிறது. சேனல்கள் இரண்டிலும் புள்ளி இல்லை. நல்ல அகலமுள்ள ஆன்டெனாவுக்கு இதனால் தீங்கில்லை என்பது உண்மைதான். ஆனால் தீங்கில்லை என்றால் 1001உம் தேவையில்லை. தேவை என்றால் 1001 போதாது.

4. எஸ்-அளவுரு மட்டுமே ஆன்டெனா ஆகிவிடுமா? வடிகட்டிக்கு ஆகலாம், அங்கே உள்ளே போனதும் வெளியே வந்ததும் தவிர வேறு கேள்வி இல்லாததால், இடைச்செருகல் ஸ்வீப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆன்டெனாவிடம் கேட்கப்படுவதோ எந்தத் திசையில், எவ்வளவு ஆற்றலோடு, எந்தத் தளமுனைவாக்கத்தில் அலை செல்கிறது என்பது. அதற்கு வெளியெங்கும் மின்புலம் தெரிந்தாக வேண்டும். இடைச்செருகல் முறை பொதுவாக எஸ்-அளவுருவை மட்டுமே பொருத்துகிறது; புலம் தீர்வு கண்ட அதிர்வெண்களுக்கே கிடைக்கும். விரைவு ஸ்வீப் பட்டை முழுவதற்கும் புலத்தைத் தரும் என்றாலும், நினைவகத்தை அதற்கு விலையாகக் கேட்கும். ஐம்பது ஓம் மின்தடையைக் கம்பியின் முனையில் கட்டினாலும் திரும்பல் இழப்பு மிக அருமையாகத்தான் வரும். அது ஒரு திசையிலும் கதிர்வீசாது.

5. சிப்புக்காகப் பிறந்த முறை கிரேனுக்கு அடியில் எப்படி நடக்கும்? விரைவு ஸ்வீப்பின் மூதாதையான அணுகு அலைவடிவ மதிப்பீட்டு முறையைப் பில்லேஜும் ரோரரும் 1990இல் முன்வைத்தது, சிப்புகளுக்குள் ஓடும் இணைப்புக் கம்பிகளின் தாமதத்தைக் கணிப்பதற்கே. அதன் எண்கணித நிலையின்மையைச் சரிசெய்து 1995இல் ஃபெல்ட்மனும் ஃப்ராயிண்டும் லான்சோஸ் வழியை வகுத்ததும் மின்சுற்றுகளுக்காகவே. மிகச் சிறிய பரப்பில் சில துருவங்களே ஆளும் உலகம் அது. துறைமுகமோ தொலைவுகளின் உலகம்.

மூன்று அடுக்காக நிற்கும் கன்டெய்னர் சுவரை முப்பது மீட்டர் தள்ளி நேரே பார்க்கும் ஆன்டெனாவின் எஸ்-அளவுருவில், போய்த் திரும்பும் அறுபது மீட்டரின் விளைவாக 5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை சிற்றலை எழும். 700 முதல் 1000 வரையான ஸ்வீப்பில் இவ்வாறு அறுபது சிற்றலைகள் இருக்கும். காலத் தாமதம் கணிதத்தில் அடுக்குக்குறிச் சார்பாக வருமே தவிர விகிதமுறு சார்பாக வராது. அதைச் சில துருவங்களால் பிடிக்க முயல்வது கடலலையை நேர்க்கோல் வைத்து வரைவதற்கு ஒப்பாகும். எட்டு டெசிபெல் ஈட்டமுள்ள ஆன்டெனாவுக்கு 866 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சிற்றலையின் உயரம் ஏறக்குறைய 0.003 என்பதால், மறுபடியும் அந்த 0.5 விழுக்காட்டு வரம்புக்குக் கீழேயே அது அடங்கிப்போகிறது. இவ்வளவு சிறியதை விட்டால் என்ன என்று கேட்கலாம். எஸ்-அளவுருவில் சிறியது, அலை சென்று சேரும் இடத்திலும் சிறியதாகத்தான் இருக்கும் என்பது அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அனுமானம்.

6. ஸ்வீப் செய்ய வேண்டியது அதிர்வெண்ணைத்தானா? இக்கேள்வியே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. டிரெய்லரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஆர்எஃப்ஐடி வில்லையைத் துறைமுக வாயிலில் வாசிக்கும் ஆன்டெனாவைக் கருதலாம். இந்தியாவில் 2005இல் உரிமம் தேவையில்லை என்று விடுவிக்கப்பட்ட 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அது இயங்குகிறது; அலைநீளம் 34.6 செ.மீ. ஆன்டெனாவிலிருந்து வில்லைக்கு நேர்வழி ஐந்து மீட்டர். பக்கத்துத் தடத்தில் நிற்கும் டிரெய்லரின் கன்டெய்னர் சுவரில் பட்டுத் திரும்பி வரும் வழி எட்டு மீட்டர். இரண்டு அலைகளும் வில்லையில் சந்திக்கின்றன. ஒன்றோடொன்று சேர்ந்தால் வலுப்பெறும், எதிர்த்தால் மெலியும். தொலைவுக்கேற்ற தளர்வை மட்டும் கணக்கில் கொண்டால், உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே ஏறக்குறைய 13 டெசிபெல் வேறுபாடு வரக்கூடும். ஆற்றலில் அது கிட்டத்தட்ட இருபது மடங்கு. சுவரில் சாய்வாகப் பட்ட அலை ஆன்டெனாவை நோக்கித் திரும்பாமல் வில்லையை நோக்கிப் போய்விடுவதால், இந்த இருபது மடங்கு ஆட்டத்தில் எதுவும் ஆன்டெனாவின் எஸ்-அளவுருவில் பதிவதே இல்லை.

அதிர்வெண்ணை ஸ்வீப் செய்தால் இங்கே என்ன தெரியும்? இரு வழிகளுக்கும் இடையே மூன்று மீட்டர் வேறுபாடு இருப்பதால், சேர்க்கையும் எதிர்ப்பும் ஒரு சுற்றை முடிக்க அதிர்வெண் 100 மெகாஹெர்ட்ஸ் நகர வேண்டும். ஆன்டெனா இயங்கும் பட்டையோ 2 மெகாஹெர்ட்ஸ். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றாலும் இரு அலைகளின் கட்டம் ஒன்றுக்கொன்று 7 பாகைதான் விலகும். பட்டைக்குள் ஆயிரத்தொரு புள்ளி வைத்தாலும் பத்தாயிரம் வைத்தாலும் கிடைப்பது ஒரே படம்தான். அதே வேளையில் பக்கத்து டிரெய்லர் 11 செ.மீ., அதாவது அரைச் சாண், விலகி நின்றால் திரும்பிவரும் வழி அரை அலைநீளம் மாறிவிடும், உச்சம் தாழ்வாகும். அதிர்வெண்ணில் அசையாத விடை இருப்பிடத்தில் இப்படித் துள்ளுகிறது. எதை ஸ்வீப் செய்வது என்ற தேர்விலேயே எது மாறக்கூடியது என்ற கூற்று அடங்கியிருக்கிறது. அந்தக் கூற்று இங்கே தவறு. அது தவறான பின் இடைச்செருகலா, விரைவா, தனிப்புள்ளியா என்ற விவாதம், தவறான தெருவில் நின்றுகொண்டு கதவு எண்ணைச் சரிபார்ப்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

சிமுலேஷன் வளைகோடு அளவீட்டோடு ஒத்துப்போகிறதே என்ற பதில் இவ்விடத்தில் வழக்கமாக எழும். தரமணியில் உள்ள சமீர் மின்காந்தவியல் மையம் போன்ற இடங்களில் எதிரொலியற்ற அறைகள் உண்டு. சுவரெங்கும் அலையை விழுங்கும் கூம்புகள் பதித்த அவ்வறையில் ஆன்டெனாவை அளந்தால் கணிப்பும் அளவும் பொருந்தத்தான் செய்யும், ஏனெனில் இரண்டிலுமே கன்டெய்னர் இல்லை. ஆன்டெனா சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்தப் பொருத்தம் சான்று. வாயிலில் வேலை செய்யும் என்பதற்குச் சான்றன்று.

7. கடல்நீருக்கு ஒரே எண் போதுமா? வங்கக்கடல் நீரின் கடத்துதிறனை மீட்டருக்கு 4 முதல் 5 சீமென்ஸ் என்று கொண்டால், கடல்சார் விஎச்எஃப் பட்டையில் அதன் கடத்தல் மின்னோட்டம் இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தைப்போல் ஆறேழு மடங்கு இருக்கும். அங்கே கடல் ஒரு கடத்தி. 866 மெகாஹெர்ட்ஸில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். அங்கே கடல் கடத்தியுமன்று, காப்பியுமன்று. கப்பல் ரேடார் இயங்கும் 9.4 கிகாஹெர்ட்ஸில் கடத்தலால் வரும் இழப்பு பின்வாங்கி, நீர்மூலக்கூறுகளின் சுழற்சியால் வரும் இழப்பு முன்னுக்கு வருகிறது. மைய அதிர்வெண்ணில் ஒரு முறை பதித்த பொருட்பண்பைப் பட்டை முழுவதற்கும் இழுத்துச் செல்லும் அமைப்பில், வேகமாகக் கிடைக்கும் விடை வேறொரு கடலுக்கான விடை.

இம்மறுப்புகள் எல்லாம் தனிப்புள்ளி ஸ்வீப்பே பொன்முறை என்று சொல்வோருக்குத் துணைபோகும் என்று நினைத்துவிடலாகாது. அவர்களின் மெஷ்ஷும் உறைந்த மெஷ்தான். ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வைத்த புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்துவிட்டு இடையில் ஒன்றுமில்லை என்று சொல்வதும் இடைச்செருகலே, அதிலும் மோசமான இடைச்செருகல். ஒரே துடிப்பில் எல்லா அதிர்வெண்ணும் கிடைத்துவிடும் என்னும் காலக்கள முறையினருக்கும் இதே கதிதான். 1966இல் யீ வகுத்த கட்டவலையின் வழிவந்த அம்முறையில், 0.05 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியைப் பிரித்தறிய 20 மைக்ரோவினாடி நேரச் சமிக்ஞை தேவை. அந்நேரத்தில் ஒளி ஆறு கிலோமீட்டர், கிட்டத்தட்ட ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை, போய்விடும். அதுவரை காத்திராமல் துடிப்பை நடுவில் வெட்டினால் இல்லாத சிற்றலைகள் விடையில் முளைக்கும்.

எஞ்சியிருப்பது நேரம் என்னும் வாதம் மட்டுமே. இருப்பிடத்தை ஸ்வீப் செய்வதென்றால் ஒவ்வொரு நிலைக்கும் மெஷ்ஷைப் புதிதாக வெட்ட வேண்டும், அது கட்டுப்படியாகாது என்பர். மெஷ் வெட்டும் வேலை கூடும் என்பது மெய்யே. ஆனால் பட்டைக்குள் கட்டம் 7 பாகைக்கு மேல் விலகாத வாயிலுக்கு அதிர்வெண் ஒன்றே போதும். 866 மெகாஹெர்ட்ஸ் மட்டும், புலத்தைச் சேமித்துக்கொண்டு, பக்கத்து டிரெய்லரை மூன்று செ.மீ. நகர்த்தி நகர்த்தி நாற்பது நிலைகள். தீர்வுக்குப் பத்து நிமிடம் என்ற அதே கணக்கில் ஆறு மணி நாற்பது நிமிடம். மாலை ஆறு மணிக்குக் கணினியை ஓடவிட்டால் நள்ளிரவு 12.40க்கு முடிந்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் அந்நேரத்திலும் டிரெய்லர்கள் வரிசையாக நின்று, அரைச் சாண் அரைச் சாணாக வாயிலை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும்.